அப்பாவுக்கு வந்த ரீஃபண்ட் எஸ்எம்எஸ், ‘பத்து சதவீதம் போதும்’ என்கிற ஏஜென்ட்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். ஓய்வுபெற்ற உங்கள் அப்பாவின் போனுக்கு, ‘வருமான வரி ரீஃபண்ட் 18,760 ரூபாய் அங்கீகரிக்கப்பட்டது, வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்க்கவும், தவறாக இருந்தால் கீழே உள்ள லிங்கில் திருத்தவும்’ என்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. அது நிஜமா போலியா என்பது முதல் கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் இரண்டாவதைக் கேட்டிருக்கிறீர்கள்: பக்கத்துத் தெருவில் ஒருவர், பிடித்த டிடிஎஸ் (வருமானத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வரி) முழுவதையும் திரும்ப வாங்கித் தருகிறேன், வருவதில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும் என்கிறாராம், அவரிடம் கொடுக்கலாமா என்று. எஸ்எம்எஸ் போலி. அந்த லிங்கைத் தொட வேண்டாம். ஆனால் அதோடு உங்கள் கவலை தீராது. அப்பாவுக்கு உண்மையிலேயே ரீஃபண்ட் வர வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எதுவும் வர வேண்டியதில்லாதவர் இப்படி ஒரு செய்தியைப் பார்த்ததும் அழித்துவிட்டுப் போய்விடுவார். பணத்துக்காகக் காத்திருக்கிறவர் நிஜச் செய்தியையும் போலிச் செய்தியையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் உங்கள் கேள்வி. இன்னொன்று, எனக்கு அந்த எஸ்எம்எஸ்ஸைவிட பக்கத்துத் தெரு ஆள்தான் அதிகக் கவலை தருகிறார். அவரைப் பற்றி நிறைய எழுதப் போகிறேன்.

நான் வரி ஆலோசகர். சம்பளக்காரர்கள், ஓய்வூதியர்கள், சின்னக் கடைக்காரர்கள் என்று பலருக்கும் பல வருடங்களாகக் கணக்கு தாக்கல் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். போனுக்குள் எந்த வைரஸ் நுழைந்தது என்று பார்த்துச் சொல்வது என் வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் வேண்டும். வரித்துறை எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல முடியும். அது தெரிந்தால் போலிகளில் பெரும்பாலானவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ரீஃபண்ட் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். அப்பாவின் ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) தாக்கலாகி, முப்பது நாளுக்குள் இ-வெரிஃபை (இணையத்தில் உறுதிசெய்வது) ஆனபின், பெங்களூரில் உள்ள மையச் செயலாக்க மையத்துக்கு (சிபிசி என்போம்) போகிறது. அங்கே கணினி கணக்கைச் சரிபார்த்து, எவ்வளவு வரி, எவ்வளவு பிடித்தம், மீதி எவ்வளவு என்று ஓர் அறிவிப்பை பிடிஎஃப்பாக மின்னஞ்சலில் அனுப்பும். அதைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும்: பான் எண் சின்ன எழுத்தில், அதையொட்டிப் பிறந்த தேதி. பிறகு பாரத ஸ்டேட் வங்கி வழியாகப் பணம், வரித்துறையின் இணையதளத்தில் (போர்ட்டல் என்போம்) முன்பே சரிபார்க்கப்பட்டு ரீஃபண்டுக்கென்று குறித்து வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு நேராகப் போய்விடும். இந்தப் பாதையில் அப்பா யாருக்கும் கணக்கு எண்ணைச் சொல்ல வேண்டிய இடமே கிடையாது. ஓடிபி சொல்ல வேண்டிய இடமும் இல்லை, ‘செயலாக்கக் கட்டணம்’ கட்ட வேண்டிய இடமும் இல்லை. கணக்கு எண் தவறாகி ரீஃபண்ட் திரும்பிப் போனால்கூட, நாமே போர்ட்டலுக்குள் போய் மறுபடி அனுப்பச் சொல்லிக் கோரிக்கை போட வேண்டும். லிங்கில் வந்து திருத்தச் சொல்லும் வழக்கம் துறைக்கு இல்லை.

உங்கள் அப்பாவுக்கு வந்தது புதிய சரக்கும் இல்லை. 2023இல் 15,490 ரூபாய் ரீஃபண்ட் என்று, கிட்டத்தட்ட இதே வாசகத்தோடு ஒரு செய்தி நாடு முழுக்கச் சுற்றியது. அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அப்போதே அறிவித்தது. தொகையைக் கவனியுங்கள். லட்சக்கணக்கில் போட்டால் சந்தேகம் வரும். எஃப்டி வட்டிக்கு வங்கி பிடித்த வரி திரும்பி வந்தால் எவ்வளவு இருக்குமோ, அந்த அளவில்தான் போடுவார்கள். லிங்கைத் தட்டினால் ஒரு வங்கியின் லாகின் பக்கம் போலவே ஒன்று திறக்கும், அல்லது ஏபிகே என்று முடியும் ஒரு ஃபைல் (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) இறங்கும். இரண்டாவதுதான் மோசம். அதை நிறுவி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி அப்பாவின் கண்ணில் படும் முன்பே அவர்களிடம் போய்விடும்.

இனி, பலரும் அடையாளம் என்று சொல்லித் தருகிற ஆனால் நான் முழுதாக நம்பாத சில விஷயங்கள். எழுத்துப் பிழை இருந்தால் போலி என்பார்கள். முன்பு சரியாக இருந்தது. இப்போது பிழையே இல்லாமல் எழுதுகிறார்கள். லிங்க் இருந்தாலே போலி என்பார்கள். துறை அனுப்பும் சில மின்னஞ்சல்களிலும் போர்ட்டலுக்கான இணைப்பு இருக்கிறது, அதனால் அதுவும் முழு உண்மை இல்லை. அனுப்பியவர் பெயரைப் பார் என்பார்கள். 2025 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அரசு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் அனுப்புநர் பெயர் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தில் முடியும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் போலி என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அனுப்புநர் பெயரையே போலியாகக் காட்டவும் வழிகள் இருப்பதால், ‘ஜி’ இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிட முடியாது. அப்புறம், ‘என் பான் எண்ணைச் சரியாகப் போட்டிருக்கிறார்களே’ என்று சொல்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சிம் கார்டு, நகைக் கடன், வாடகை வீடு என்று பான் ஜெராக்ஸை எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்? அந்த எண் தெரிந்திருப்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, செய்தியை உற்றுப் பார்த்து நிஜமா போலியா என்று தீர்மானிக்க முயலாதீர்கள் என்பதுதான். செய்தி எதுவாக இருந்தாலும் அதை மூடிவிட்டு, பிரவுசரில் நீங்களே ‘இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்’ என்று தட்டி உள்ளே போங்கள். நிஜமான எதுவும் அங்கே இருக்கும். தாக்கல் செய்த ரிட்டர்ன்களைப் பார்க்கும் பக்கத்தில், ரிட்டர்ன் வெரிஃபை ஆனதா, செயலாக்கத்தில் இருக்கிறதா, ரீஃபண்ட் கிளம்பியதா என்று படிப்படியாகத் தேதியோடு தெரியும். நோட்டீஸ் ஏதாவது வந்திருந்தால் நிலுவைச் செயல்கள் பகுதியில் ‘இ-ப்ரொசீடிங்ஸ்’ என்று இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை, எஸ்எம்எஸ்ஸில் மட்டும் அவசரம் என்றால் விஷயம் முடிந்தது. முகவரியில் ‘கவ் டாட் இன்’ கடைசியில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அதை நடுவில் செருகிவிட்டு, பின்னால் வேறு பெயர் ஒட்டிய போலித் தளங்கள் உண்டு. கூகுளில் ‘இன்கம் டாக்ஸ் கஸ்டமர் கேர்’ என்று தேடி முதலில் வரும் எண்ணுக்கு போன் செய்வதும் வேண்டாம்; உதவி எண்கள் போர்ட்டலிலேயே இருக்கின்றன.

நோட்டீஸ் என்று ஒரு பிடிஎஃப் வந்தால் அதற்கு உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது. 2019 அக்டோபர் 1 முதல், துறை அனுப்பும் நோட்டீஸ், உத்தரவு, கடிதம் எல்லாவற்றிலும் ‘டின்’ என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அபூர்வமான சில விதிவிலக்குகளைத் தவிர, எண் இல்லாத கடிதத்தை அனுப்பியதாகவே கருதக்கூடாது என்பது நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கை. போர்ட்டலின் முதல் பக்கத்தில், லாகின் செய்யாமலே, துறை அனுப்பிய நோட்டீஸைச் சரிபார்க்க ஓர் இணைப்பு இருக்கிறது. அதில் அந்த எண்ணையும் உங்கள் மொபைல் எண்ணையும் கொடுத்தால், உண்மையில் அனுப்பியதா இல்லையா என்று காட்டிவிடும். முத்திரை, சிங்கத் தலை, அதிகாரியின் கையெழுத்து எல்லாவற்றையும் அச்சு அசலாகப் போட்டுவிடலாம். போர்ட்டலில் இல்லாத எண்ணை அங்கே கொண்டுவந்து வைக்க அவர்களால் முடியாது.

போன் மிரட்டலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 அக்டோபரில் மும்பைக்கு அருகே மீரா ரோடில் சில கால் சென்டர்களை தானே நகரப் போலீஸ் சோதனை போட்டது. அமெரிக்க வரித்துறை அதிகாரி பேசுவதாகச் சொல்லி, இன்னும் அரை மணி நேரத்தில் போலீஸ் வீட்டுக்கு வரும் என்று அமெரிக்கர்களைப் பயமுறுத்திப் பணம் பறித்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதே வசனம் இப்போது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற பெயரில் நம் ஊரில் ஓடுகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. வரி பாக்கி இருந்தால் அதற்கான நோட்டீஸ் வரும், கட்டச் சாதாரணமாக முப்பது நாள் அவகாசம் இருக்கும், மேல்முறையீடு இருக்கும். கட்டுவதும் போர்ட்டலில் செலான் உருவாக்கித்தான். எந்த அதிகாரியின் யுபிஐ எண்ணுக்கும் வரி கட்ட முடியாது. வீடியோ காலில் யார் எந்த யூனிஃபார்மில் வந்தாலும் துண்டித்துவிடலாம், துறையிடமிருந்து எந்தப் பாதகமும் வராது.

சரி, பத்து சதவீத ஆளுக்கு வருவோம். எஸ்எம்எஸ் மோசடியில் பணம் போன அன்றே தெரிந்துவிடும். இவர் விஷயத்தில் பணம் உண்மையிலேயே கணக்குக்கு வரும். அப்பா சந்தோஷப்படுவார், நாலு பேரிடம் அவர் பெயரைச் சொல்வார். பிரச்சினை ஒன்றிரண்டு வருடம் கழித்து அப்பா பெயருக்கு வரும்.

இவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ரிட்டர்னில் இல்லாத கழிவுகளை (வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகைகளை) சேர்க்கிறார்கள். வாடகை வீட்டில் இல்லாதவருக்கு வீட்டு வாடகைப்படி, வாங்காத கல்விக் கடனுக்கு வட்டி, யாருக்கும் உடல்நிலைக் குறைபாடு இல்லாத வீட்டில் மாற்றுத்திறனாளிக்கான கழிவு, எல்லாவற்றுக்கும் மேல் அரசியல் கட்சிக்கு நன்கொடை. என்னிடம் நோட்டீஸோடு வந்த ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசரின் ரிட்டர்னை அவருக்கு எதிரிலேயே திறந்தேன். ஒரு கட்சிக்கு அவர் பெரிய தொகை நன்கொடை கொடுத்ததாக இருந்தது. அந்தக் கட்சியின் பெயரையே அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். புரொஃபைலைத் திறந்து பார்த்தால், தொடர்புக்கான மின்னஞ்சல் அவருடையது இல்லை, ஏஜென்ட் உருவாக்கியது. முதலில் வந்த நோட்டீஸ்களெல்லாம் அந்த மின்னஞ்சலுக்குப் போயிருந்தன, யாரும் திறக்கவில்லை. அவர் படித்தவர், கணக்கு வழக்கு தெரிந்தவர். ‘பணம் கவர்ன்மென்ட்டிலிருந்துதானே வந்தது, தப்பாக இருந்தால் கொடுத்திருப்பார்களா’ என்று கேட்டார். கொடுப்பார்கள். சிபிசியில் கணினி முதலில் பார்ப்பது பெரும்பாலும் கூட்டல் கழித்தலையும், துறையிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலோடு பொருந்துகிறதா என்பதையும்தான். ரசீது எங்கே என்ற கேள்வி பிறகு வரும்.

இது நான் பார்த்த ஓர் ஆளின் கதையோடு முடிவதில்லை. 2025 ஜூலை 14 அன்று, இப்படிப் பொய்க் கழிவு போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்களைக் குறிவைத்து, நாடு முழுக்க 150 இடங்களில் வரித்துறை சோதனை நடத்தியது; அதில் தமிழ்நாடும் இருந்தது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கிப் பிறகு கைவிட்டுவிடுகிறார்கள் என்று துறையின் அறிக்கையே சொன்னது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகவும் அந்த அறிக்கையில் இருந்தது. மாட்டிக்கொண்டால் திருப்பிக் கட்ட வேண்டியது வரி, வட்டி, அதற்கு மேல் தவறான தகவல் கொடுத்ததற்காக அந்த வரியின் 200 சதவீதம் வரை அபராதம். பத்து சதவீதம் வாங்கிப் போனவர் இதில் ஒரு பைசா தர மாட்டார். ரிட்டர்னில் உறுதிமொழி கொடுத்திருப்பது உங்கள் அப்பா, சட்டம் அவரைத்தான் கேட்கும். ‘எனக்குத் தெரியாமல் ஏஜென்ட் செய்தார்’ என்பதை அதிகாரி ஏற்பாரா என்று என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை நம்பி இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொரு கோணமும் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவருக்கு ஓய்வூதியமும் எஃப்டி வட்டியும்தான் வருமானம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரித் தள்ளுபடியால் வரியே வராது (பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இது பொருந்தாது). அவர் அந்த வரம்புக்குள் இருந்தால், பிடித்த டிடிஎஸ் முழுவதும் எந்தத் தந்திரமும் இல்லாமல் நியாயமாகவே திரும்பி வரும். அப்படியானால் அந்த ஆள் பத்து சதவீதம் கேட்பது எதற்கு? சும்மா வர வேண்டிய பணத்தில் பங்கு கேட்கிறார், அல்லது வரக்கூடாத பணத்தை அப்பா பெயரில் வரவழைக்கப் பார்க்கிறார். இரண்டில் எதுவானாலும் வேண்டாம். முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதைச் சில விதிவிலக்குகள் தவிர சார்டர்ட் அக்கவுண்டன்ட்டுகளின் தொழில் சட்டமே தடை செய்கிறது. ஒழுங்காகத் தொழில் செய்பவர் இவ்வளவு ரூபாய் என்று ஒரு தொகையைச் சொல்வார், ரசீது தருவார். வரி வராது என்று முன்கூட்டித் தெரிந்தால், மூத்த குடிமக்கள் இத்தனை நாள் 15ஹெச் என்று பழகிய உறுதிமொழிப் படிவத்தை நிதியாண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்துவிடலாம். பிடித்தமே இருக்காது, ரீஃபண்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

அந்த ஆளிடம் அப்பா முன்பே எந்த வருடமாவது கணக்குக் கொடுத்திருந்தால், தள்ளிப் போடாமல் இந்த வாரமே பார்க்க வேண்டியவை உண்டு. போர்ட்டலில் புரொஃபைலைத் திறந்து, மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் வீட்டுடையதுதானா என்று பாருங்கள். பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் சில சென்டர்களில் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியில் பாஸ்வேர்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடையது தெரிந்தால் எல்லோருடையதும் தெரிந்த மாதிரி. ‘இ-ஃபைலிங் வால்ட்’ என்று ஒரு வசதி அங்கேயே இருக்கிறது. ஆதார் ஓடிபி அல்லது நெட் பேங்கிங் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாதபடி அதில் பூட்டிவிடலாம். பிறகு பழைய ரிட்டர்ன்களின் பிடிஎஃப்பை இறக்கி, கழிவுகள் பகுதியில் உள்ள ஒவ்வொரு தொகையையும் அப்பாவிடம் கேளுங்கள்: இதைக் கட்டினீர்களா, ரசீது இருக்கிறதா? ஏஐஎஸ் என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கையையும் இறக்குங்கள். அப்பாவுக்குத் தெரியாத சம்பளமோ, வியாபாரமோ, வங்கிக் கணக்கோ அதில் இருந்தால் அவருடைய பானை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். அதற்கு அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். பொய்க் கழிவு கண்ணில் பட்டால், அவகாசம் இருக்கும் வருடத்துக்குத் திருத்திய ரிட்டர்ன் போட்டால் போதும். அது கடந்திருந்தால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம். முதல் 12 மாதத்துக்குள் என்றால் கட்ட வேண்டிய வரியிலும் வட்டியிலும் கூடுதலாக 25 சதவீதம், பிறகு வருடத்துக்கு வருடம் 50, 60, 70 என்று ஏறும். நோட்டீஸ் வந்த பிறகு இந்த வழி பல சமயம் அடைபட்டுவிடும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அப்பா லிங்கைத் தட்டினாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. தட்டி மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. எதையாவது நிறுவினாரா என்று கேளுங்கள். நிறுவியிருந்தால் அந்த போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு நெட் பேங்கிங், கார்டு, யுபிஐ எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள். அந்த போனிலேயே பாஸ்வேர்டு மாற்ற வேண்டாம், புதியதும் அவர்களுக்குப் போய்விடும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க அந்த ஏற்பாட்டில் வழி இருக்கிறது. திரும்பி வரும் என்று உறுதி தர முடியாது. நாமே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால் வங்கியிடம் சொல்லும்வரை போனது நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம் என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த முறை. அதனால் புகார் கொடுத்த நேரமும் புகார் எண்ணும் முக்கியம், குறித்து வையுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பெரியவர்கள் இதை ஒரு நாள், இரண்டு நாள் மறைப்பார்கள். அப்பாவிடம் கேட்கும்போது குரலை உயர்த்தாமல் கேளுங்கள்.

ரிட்டர்ன் பிடிஎஃப்பைப் பார்த்து எந்தக் கழிவு எதற்கு என்று புரியாவிட்டால், அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பான், ஆதார், வங்கிக் கணக்கு எண், அப்பாவின் பெயர் நான்கையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். உதவி செய்கிறேன் என்று தனிச் செய்தியில் வந்து யாராவது அவற்றைக் கேட்டால் கொடுக்காதீர்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும்.